பிளாட்லாக் மெஷினுக்காக நான் செய்த கை

மதியச் சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் அடங்கிய பிறகும் காற்றில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. யாரோ டிபன் டப்பாவைத் திறந்தார்கள். எலுமிச்சைச் சோற்றின் வாசனை வந்தது. திருப்பூர் அருள்புரத்தில் என் மச்சானின் பனியன் கம்பெனி அது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன்.

ஜன்னலோரத்தில், பனியன் ஓரங்களை மடித்துத் தைக்கும் பிளாட்லாக் மெஷினுக்கு முன்னால் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. பக்கத்து ஸ்டூலில் நான் கொண்டுபோயிருந்த மின்சார வாணலியில் வெந்நீர் லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை நழுவவிட்டேன். வெள்ளையாக விறைத்துக் கிடந்த தகடு ஓரங்களில் கண்ணாடிபோல் தெளிந்து, பிறகு முழுவதும் தளர்ந்தது. இடுக்கியால் எடுத்து, துண்டில் ஒற்றி, என் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவளுடைய வலது கைக்கு அடியில் ஏந்திப் பிடித்தேன்.

"சுடுதாம்மா?"

"இல்ல டாக்டர். கொழுக்கட்டை மாவு மாதிரி வெதுவெதுன்னு இருக்கு."

"கையை மெஷின் மேல வை. துணி தள்ளும்போது எப்படி வைப்பியோ, அப்படியே வை."

அவள் வைத்தாள். விரல்கள் நீண்டு, உள்ளங்கை பலகைபோல் தட்டையாக. தகடு இறுகும்வரை அந்தக் கையை அதே நிலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி ரஹீமா. ஜெயக்கொடி தைத்துத் தள்ளும் பனியன்களை எடுத்து மடித்து அடுக்கும் கைமடி வேலை அவளுக்கு. வாயில் சோற்றோடு சொன்னாள்:

"ஏங்க்கா, டாக்டரு உனக்கு வளையல் போடறாருங்க்கா. ஊட்டுல மாமனுக்குத் தகவல் சொல்லீட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று நான் செய்துகொண்டிருந்தது தவறு என்று எனக்குத் தெரியும். அரைகுறையாகத் தெரியும் என்றுகூடச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். நன்றாகவே தெரியும்.

ஊரான் கையைப் பிடிக்கும் வேலை

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் டாக்டர் இல்லை. ஆக்குபேஷனல் தெரபி படித்தவன். விபத்தோ நோயோ பறித்துக்கொண்ட அன்றாட வேலைகளை, உடை உடுத்துவது, எழுதுவது, சமைப்பது, தைப்பது எல்லாவற்றையும், மறுபடி செய்யக் கற்றுத் தருவது எங்கள் தொழில். அதிலும் நான் கைக்கென்றே ஒதுங்கியவன். அடிபட்ட கையை, வெந்த கையை, நரம்பு அறுந்த கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டுகள் செய்வதிலேயே என் காலம் போனது. கடையில் வாங்கும் பொருள் அல்ல அது. ஒவ்வொரு கைக்கும் தனியாக வெட்டி, வளைத்து, உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் செய்ய வேண்டும்.

அமராவதி நகர் பக்கம் எங்கள் தோட்டம். நான் இந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "இத்தனை படிச்சுப்போட்டு ஊரான் கையைப் புடிச்சு உடற வேலைக்காடி போறான் உன்ற மவன்?"

தொடக்கத்தில் தகடெல்லாம் கிடையாது. மாவுக்கட்டுதான். பிறகு பிளம்பிங் கடையில் பி.வி.சி. குழாய் வாங்கி, நீளவாக்கில் அறுத்து, சூடாக்கி விரித்து, அதில் ஸ்ப்ளின்ட் செய்தோம். அந்த நெடி சட்டையில் வாரக்கணக்கில் நிற்கும். உள்ளே பஞ்சுத் துணி ஒட்டுவதற்கு மட்டும் திருப்பூரில் குறையே இல்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டையில் கையை விட்டால் எந்த நிறத்திலும் பனியன் துணி கிடைக்கும். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் பச்சையை வைத்துக் கொடுத்த ஸ்ப்ளின்ட்டை வாங்க மறுத்து, "எங்க கட்சி நிறத்துல குடுங்க" என்று சண்டை போட்ட ஒருவரும் உண்டு.

இன்னொன்றும் இந்த ஊரில்தான் கற்றேன். ஸ்ப்ளின்ட்டைக் கட்டும் வெல்க்ரோ பட்டை பனியன் கம்பெனியில் ஒரு வாரம்கூடத் தாங்காது. காற்றில் பறக்கும் பஞ்சு முழுக்க அதில் அடைந்து, பிடிப்பே போய்விடும். அதனால் எலாஸ்டிக் நாடாவும், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் டிச் பட்டனும் வைத்தேன். வெளியூரிலிருந்து வந்த தெரபிஸ்டுகள் அதைப் பார்த்து வியந்தார்கள். அந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெந்த கை

ஜெயக்கொடிக்கு ராமநாதபுரம் பக்கம். கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்தார். கைக்குழந்தை ஒன்று, பெண். கம்பெனி வேன் வருவதற்குள் சமையலை முடிக்கும் அவசரத்தில் கஞ்சி வடித்தபோது தட்டு நழுவி, கொதிக்கும் கஞ்சி வலது புறங்கை முழுவதும் கொட்டிவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தார்கள். தோல் பிடித்ததும் என்னிடம் அனுப்பினார்கள்.

வெந்த புறங்கையின் சங்கதி இது. ஆறும்போது புதுத்தோல் சுருங்கும். சுருங்கும் தோல், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளைப் பின்னால் இழுக்கும். அந்த மூட்டுகளை மடக்கியே வைத்திருந்தால்தான் கை பிழைக்கும். அதற்கான ஸ்ப்ளின்ட்டைப் போட்டால் கை ஒரு தடித்த புத்தகத்தைப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். அடி மூட்டுகள் மடங்கி, விரல்கள் நீண்டு, கட்டைவிரல் விலகி. அது நோயாளிக்குப் பிடிக்காது. இழுக்கும், குடையும். கையைத் தட்டையாக நீட்டி வைத்தால் சுகமாக இருக்கும். சுகமாக இருக்கும் அந்த நிலைதான் கையைக் கெடுக்கும் நிலை. முதலாண்டு மாணவனுக்கே இது தெரியும்.

நான் முதலில் சரியான ஸ்ப்ளின்ட்டைத்தான் செய்தேன். குளிக்கும்போதும் பயிற்சியின்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் போட்டிருக்கச் சொன்னேன். போட்டிருந்தாள். மூட்டுகள் மெல்ல மெல்ல மடங்கத் தொடங்கின. ஒருநாள் குழந்தையின் கிலுகிலுப்பையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

மச்சான் கேட்டது

மச்சான் கெட்ட மனிதர் அல்ல. கை வெந்த அன்று தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தை அதட்டிக் கேட்டால் மறுத்துவிடலாம். பணிந்து கேட்டால் மறுப்பது கஷ்டம்.

"மாப்ளைங்க, தப்பா எடுத்துக்காதீங்க. பிளாட்லாக்ல அந்தப் புள்ளை கைக்கு வேற கை இல்லீங்க. ஆர்டர் நிக்குதுங்க. அந்தக் கை பிளாட்டா இருந்தாப் போதுமுங்க, துணியைத் தள்ளிரும். நீங்க மனசு வெச்சு ஏதாச்சு ஒண்ணு செஞ்சு குடுத்தீங்கன்னா..."

"மச்சான், கை இன்னும் ஆறலைங்க."

"அதானுங்க உங்களைக் கேக்கறேன். வேற ஆளா இருந்தா ஆகாதும்பாங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

உங்களுக்குத் தெரியாததா என்ற அந்தச் சொல்லில் நான் விழுந்தேன்.

ஜெயக்கொடியும் கேட்டாள். கணவருக்கு அப்போது பட்டறையில் வேலை சரியாக இல்லை. "வேலைக்குப் போனாத்தான் டாக்டர் ஆகும். எப்பிடியாச்சும் பண்ணிக் குடுங்க" என்றாள். அவள் கேட்டாளே, மச்சான் கேட்டாரே என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் கேட்டது உண்மை. ஆனால் கேட்டவர்கள் இருவருக்கும் அந்த மூட்டுகளைப் பற்றித் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மெஷின்மேல் வைத்தே அச்செடுத்து அந்த ஸ்ப்ளின்ட்டைச் செய்தேன். உள்ளங்கைக்கு அடியில் ஒரு தட்டைப் பலகை. விரல் நுனிகள் மட்டும் துணியைத் தொட்டுணரும்படி வெளியே. துணி சிக்காமல் வழுக்கிப் போக அடிப்பக்கத்தை மெழுகுபோல் தேய்த்தேன். மேலே டிச் பட்டன்கள், வெட்டிப்போட்ட வெள்ளை ரிப் துணியில் உள்மெத்தை. அதைப்போல் அழகான ஒரு ஸ்ப்ளின்ட்டை அதற்குமுன் நான் செய்ததில்லை.

மணி அடித்து மெஷின் ஓடியது. அவள் வலது கை துணியின் மடிப்பை அழுத்தி ஊசிக்கு முன்னால் கொண்டுபோனது. தையல் கோடு நேராக விழுந்தது. மச்சான் என் தோளில் கை வைத்தார்.

பகல் எது, ராத்திரி எது

என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. பகலில் வேலை ஸ்ப்ளின்ட், ராத்திரியில் பழைய ஸ்ப்ளின்ட். பகலில் கெடுவதை ராத்திரி சரி செய்துவிடும். புத்தகங்களிலும் அப்படி மாற்றி மாற்றிப் போடும் முறை உண்டு. நானும் அவளிடம் பகல், ராத்திரி என்றுதான் சொன்னேன்.

திருப்பூரில் பகல் என்பது ஒன்றரை ஷிப்ட். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் எழுவார்கள். ஆர்டர் நெருக்கினால் அதற்கும் மேல். அதன் பிறகு வீட்டுக்குப் போய்ச் சமையல், பாத்திரம், குழந்தை. குழாயில் தண்ணீர் வரும் ராத்திரியில் எழுந்து குடம் குடமாகப் பிடிக்க வேண்டும். ஸ்ப்ளின்ட்டோடு குடம் தூக்க முடியாது. கழற்றி வைப்பாள், திரும்பப் போடாமலே தூங்கிப்போவாள்.

வெளியூர்க்காரன் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் இந்த ஊரிலேயே வருடக்கணக்காகக் குடியிருப்பவன் நான். கம்பெனி வேன்கள் எந்நேரத்துக்குத் திரும்புகின்றன என்று என் வீட்டு வாசலில் நின்றே பார்த்திருக்கிறேன். ஆனாலும் புத்தகத்தில் இருந்த பகலையே அவளுக்கும் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து வந்தாள். மூட்டுகளை மடக்கிப் பார்த்தேன். என் விரலுக்கு அடியில் அவை எதிர்த்து நின்றன. முன்பு மடங்கிய இடம்வரைகூட மடங்கவில்லை. அன்றே அந்தப் பலகையைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.

"முன்ன மாதிரி மடங்கலையே டாக்டர்?"

"போகப் போகச் சரியாயிடும்மா," என்றேன். ஒரு பட்டனை மட்டும் தளர்த்திவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஸ்ப்ளின்ட்டின் படங்களை அப்போதே தெரபிஸ்டுகளின் மாநாடு ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன்.

கைதட்டல்

மாநாட்டில் படத்தைத் திரையில் காட்டினேன். மேலிருந்து எடுத்த படம். மெஷின், வெள்ளைத் துணி, அதன்மேல் என் ஸ்ப்ளின்ட் அணிந்த ஒரு கை. முகம் கிடையாது. தொழிலாளியை வேலைக்குத் திருப்பி அனுப்பிய ஸ்ப்ளின்ட் என்றேன். டிச் பட்டனைப் பற்றிச் சொன்னபோது அரங்கில் சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன.

பின்வரிசையிலிருந்து ஒரு வயதான ஆசிரியை எழுந்தார். "அடி மூட்டுகள் இப்போது எவ்வளவு மடங்குகின்றன?" என்று கேட்டார்.

நான் ஓர் எண்ணைச் சொன்னேன். அளக்காத எண். நல்ல எண். அவர் தலையசைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஜெயக்கொடி வருவதை நிறுத்திவிட்டாள். நானும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் மச்சான் பெருமையாகச் சொல்வார்: "அந்தப் புள்ளை இப்பவும் லைன்ல நெம்பர் ஒன்னுங்க மாப்ளைங்க. எல்லாம் உங்க கைராசி."

ஒரு வருடம் ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குக் கூப்பிட்டார். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கொடுத்து, மெஷின் லைன் நடுவிலேயே இலை போட்டார்கள். எதிர்ப்பந்தியில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். சோறு விழுந்ததும் பரிமாறும் பையனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். அவன் ஒரு ஸ்பூன் கொண்டுவந்து கொடுத்தான். அதை இடது கையில் வாங்கிச் சாப்பிட்டாள். வலது கை இலையின் ஓரத்தில், காற்றில் இலை பறக்காமல் அழுத்திக்கொண்டு, தட்டையாகக் கிடந்தது.

துணி தள்ளும் கை. சோற்றை அள்ள முடியாத கை. டம்ளரைப் பிடிக்க முடியாத, பஸ் கம்பியைப் பிடிக்க முடியாத கை.

யாரோ போனில் கூப்பிட்டதாகச் சொல்லி இலையிலிருந்து எழுந்து வெளியே போனேன். அப்படியே காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பின்னால் இருந்தவளின் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க டாக்டரு, உசுரோட இருக்கீங்களா?" என்றபடி ரஹீமா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முன்தலை நரைத்திருந்தது.

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். ஜெயக்கொடி இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுதுறத ரஹீமா வாரவாரம் படிச்சுக் காட்டுறா," என்றாள். "அந்தச் சாமளாபுரத்துத் தறிக்காரரு கை நல்லாயிருச்சு. அந்த டிரைவரு கை நல்லாயிருச்சு. உங்ககிட்ட வந்த எல்லாக் கையும் நல்லாத்தேன் ஆயிருக்கு போல."

நான் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தேன்.

"சரி, அத விடுங்க. நான் வந்தது வேற சோலிக்கு."

மச்சான் காலமாகி, அந்தக் கம்பெனி கைமாறிய பிறகு, இருவரும் ஊருக்கு வெளியே ஒரு யூனிட்டில் வேலை செய்கிறார்கள். அங்கே வேன் கிடையாது. நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. ரஹீமாவின் வண்டியில்தான் இருவரும் போய் வருகிறார்கள். ரஹீமா சில மாதங்களில் மகனோடு ஈரோட்டுக்கே குடிபோகிறாள். அதன் பிறகு ஜெயக்கொடி வேலைக்குப் போக வேண்டுமென்றால் தானே வண்டி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். அவள் கணவர் இப்போது இல்லை. மகள் காலேஜில் படிக்கிறாள்.

"ஆக்ஸிலேட்டரைப் புடிக்க முடியல டாக்டர். அன்னிக்கு மெஷினுக்குப் பண்ணீகள்ல, அதே மாதிரி ஒண்ணு பண்ணுங்க. கையையும் கைப்பிடியையும் சேத்துக் கட்டுற மாதிரி."

வாசலுக்குப் போய் அவள் கையைக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தேன். விரல்கள் வளையாமல் உள்ளங்கை வழுக்கியது. அந்தக் கணமே எனக்கு வடிவம் தெரிந்துவிட்டது. அரைவட்டத் தகடு, மேலே பட்டை, முறுக்குவதற்கு மணிக்கட்டில் ஒரு தாங்கல். எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்றுகூடத் தெரிந்தது. அரைநாள் வேலை. தகடுகூட அலமாரியில் இருந்தது. என் விரல்கள் பரபரத்தன.

"முடியாதும்மா," என்றேன்.

"ஏன்?"

"வண்டி சாஞ்சா கை கழண்டு வராது. கையோட சேர்த்து உன்னை இழுத்துக்கிட்டுப் போகும். பிரேக்கைப் பிடிக்கவும் விரல் வளையணும். செய்ய எனக்குத் தெரியும். ஆனா செய்யக் கூடாது."

அவள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அன்னிக்கு மெஷினுக்குச் செஞ்சதையும் செஞ்சிருக்கக் கூடாது. கையைத் தட்டையாவே வெச்சிருந்தா அப்புறம் மடங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீ வந்து கேட்டப்போ, சரியாயிடும்னு பொய் சொன்னேன்."

முதலில் வெடித்தது ரஹீமாதான். "என்னங்க சொல்றீங்க? தெரிஞ்சேவா பண்ணுனீங்க? அக்கா அத்தனை வருசமா, 'நான் ஒழுங்கா ராத்திரி கட்டுப் போடல, அதான் இப்புடி ஆகிப்போச்சு'ன்னு அவளையே திட்டிக்கிட்டுக் கெடந்தாளே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

இது எனக்குத் தெரியாத செய்தி. தன் கை கெட்டதற்குத் தானே காரணம் என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இலையோரத்தில் அந்தக் கை கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் எழுந்து ஓடிய அன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"ஏய், சும்மா இருடி," என்றாள் ஜெயக்கொடி. பிறகு என்னைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன்னு நெனைக்கிறீகளா?"

"தெரியலைம்மா."

"போயிருப்பேன். புள்ளைக்குப் பால் வாங்கணும்ல. ஆனா தெரிஞ்சு போயிருப்பேன். ராத்திரி எப்பிடியாச்சும் அதக் கட்டியிருப்பேன். தண்ணி புடிக்க அவரை எழுப்பிவிட்டிருப்பேன்."

என் அவசரம்

ஆபரேஷன் இருக்கிறது என்றேன். மூட்டுகளை இறுக்கிப் பிடித்திருப்பதை விடுவித்து, தோலைத் தளர்த்தி, அதன் பிறகு பல வாரங்கள் மடக்கி வைக்கும் ஸ்ப்ளின்ட். நானே செய்வேன், தினமும் வருவேன், நல்ல சர்ஜன் ஒருவரைத் தெரியும், நாளைக்கே போகலாம் என்றேன்.

"டாக்டர், நீங்க இப்பவும் ரொம்ப வேகமா இருக்கீக," என்றாள் அவள்.

ஆனாலும் சர்ஜனிடம் வந்தாள். இளைஞர், பொறுமையாகப் பார்த்தார். "அப்போது ஸ்ப்ளின்ட் போட்டது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. இத்தனை வருடம் இறுகிய மூட்டு பாதியாவது மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்றார். பல மாதம் தையல் வேலை கூடாது. அதன் பிறகு பழைய வேகம் வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

ஜெயக்கொடி ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றதும் சொன்னாள்: "வேணாம் டாக்டர்."

"இன்னும் யோசிச்சுப் பாரும்மா."

"யோசிச்சுட்டேன். மக படிப்பு முடியட்டும், அப்பறம் பாப்போம். பாக்காமலும் போவேன். இந்தக் கைதான இம்புட்டு நாளும் சோறு போட்டுச்சு. அத இப்பப் போயி சோதிச்சுப் பாக்க முடியாது."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த ஏமாற்றத்தைப் பார்த்து வெட்கமாக இருந்தது. அவள் கை மடங்கினால் என் மனம் ஆறும் என்று நினைத்திருக்கிறேன். முன்பு என் பெயருக்காக அந்தக் கையை நீட்டி வைத்தேன். இப்போது என் நிம்மதிக்காக மடக்கப் பார்த்தேன். இரண்டு தடவையும் கை அவளுடையது.

மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். வண்டியை அவள் கைக்கு ஏற்ப மாற்றலாம், கையை வண்டிக்கு ஏற்ப மாற்ற வேண்டாம் என்றேன். ஆக்ஸிலரேட்டரை இடது பக்கத்துக்கு மாற்றி, பின்னால் இரண்டு துணைச் சக்கரம் வைத்து, காலால் அழுத்தும் பிரேக் போட்டுத் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் முறையாக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அவள் கையின் நிலையை மருத்துவர் எழுதித் தர வேண்டும்; மாற்றுத்திறனாளி என்று.

'மாற்றுத்திறனாளி' என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"இத்தன நாளா எனக்கு அது தோணவே இல்ல பாருங்க," என்றாள். "சரி. எழுதட்டும்."

பழைய வண்டி ஒன்றை மெக்கானிக் அப்படியே மாற்றிக் கொடுத்தார். நான் செய்து கொடுத்தது ஒன்றே ஒன்று. வலது கைப்பிடியின்மேல் ஒரு திறந்த தொட்டில்போல் வளைந்த தகடு, உள்ளே ரிப் துணி வைத்தது. கை அதில் சாய்ந்து இருக்கும். பட்டை கிடையாது, பட்டன் கிடையாது. இழுத்தால் வந்துவிடும். முதல் தடவை செய்ததை அவள் பார்த்துவிட்டு, "இன்னும் அகலம் வேணும். அவசரத்துக்கு எடுக்க வராது" என்றாள். மறுபடி வெந்நீரில் போட்டு விரித்தேன். "இன்னும்" என்றாள். இன்னும் விரித்தேன். பார்ப்பதற்கு அது அழகாக இல்லை.

போகும்போது, "என் கையப் பத்தி எழுதுவீகளா?" என்று கேட்டாள்.

"எழுதலாமா?"

"எழுதுங்க. பேரை மட்டும் மாத்திப் போடாதீக. ஊரு பூரா ரஹீமா கிட்டத்தேன் இதப் படிச்சுக் கேக்குது. வேற பேரு போட்டா எங்க லைன்ல ஒருத்தியும் நம்ப மாட்டா."

லைசென்ஸ் இன்னும் வரவில்லை. அதுவரை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் யூனிட்டின் காம்பவுண்டுக்குள்தான் பயிற்சி. போன ஞாயிறு என்னையும் பார்க்கக் கூப்பிட்டார்கள். துணி ரோல்கள் இறக்கும் மேடைக்குப் பக்கத்தில், வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜெயக்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வலது கையைத் தொட்டிலில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இடது கையால் முறுக்கினாள். வண்டி உறுமிக்கொண்டு குலுங்கிக் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்த ரஹீமா, "அய்யோ அல்லா, அக்கா மெதுவா! நான் ஈரோடு போவோணும்!" என்று கத்தினாள்.

காம்பவுண்டின் கடைசிவரை போய், அகலமாக ஒரு வட்டமடித்து, நேராக என்னை நோக்கி வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. கை எங்கே இருக்கிறது என்று பார்க்க நான் குனிந்து முன்னால் ஒரு அடி வைத்தேன்.

"டாக்டர், ஓரமாப் போங்க!" என்று கத்தினாள் ஜெயக்கொடி. "பிரேக்கு இன்னும் பழகல!"

மேடையின்மேல் ஏறி நின்றுகொண்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.